மூன்றாவது பொன்னாடை

மார்ச் 3

ஊர்ப் பெயரை எழுதவில்லை. இந்த நோட்டு யார் கையிலாவது சிக்கினால் பள்ளிக்கூடத்துக்குச் சங்கடம். தென்கொரியாவில் ஒரு மலையடிவாரம், சுற்றிலும் பூண்டு வயல், நடுவில் நாற்பத்தாறு பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப்பள்ளி. அதன் முதல் வெளிநாட்டு இங்கிலீஷ் டீச்சர் நான். பாளையங்கோட்டை சண்முகவடிவு, வயது நாற்பத்தொன்று, பதினாறு வருஷ சர்வீஸ். எழுதும்போதே முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

வாசலிலேயே செருப்பைக் கழற்றி, உள்ளே போட வேறு செருப்பு மாட்ட வேண்டும். எல்லோருடைய செருப்பிலும் பெயர் எழுதியிருக்கிறது. எனக்கு விருந்தாளிகள் போடும் பச்சைச் செருப்பைக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் என் பெயர் எழுதிய ஜோடி வந்துவிடுமாம்.

திருநெல்வேலியிலிருந்து மூன்று பொன்னாடை வாங்கி வந்திருந்தேன். காலைக் கூட்டத்தில் பள்ளி முதல்வருக்கு ஒன்று, துணை முதல்வர் குவாக்குக்கு ஒன்று, நம் வழக்கப்படி போர்த்தினேன். முதல்வருக்கு அதை எப்போது கழற்றுவது என்று தெரியவில்லை, கூட்டம் முடியும்வரை ஜரிகையோடு அப்படியே நின்றார். பிள்ளைகள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். வந்த முதல் நாளே பேர் வாங்கியாயிற்று. மூன்றாவது பெட்டியில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு 'வடிவு' வாயில் வரவில்லை. 'பதிபு ஸெம்' என்கிறார்கள். ஸெம் என்றால் டீச்சர்.

மார்ச் 6

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆசிரியர்கள் எல்லோரும் வரிசையாக நின்று பல் தேய்க்கிறார்கள். நானும் பிரஷ் வாங்கிவிட்டேன்.

மார்ச் 20

இங்கே நான் தனியாகப் பாடம் எடுக்க முடியாது. கூடவே ஒரு கொரிய ஆசிரியர் நிற்க வேண்டும் என்பது விதி. எனக்கு வாய்த்தவள் யூஜின். முப்பத்திரண்டு வயது, மெல்லிய குரல், யாரையும் நேராகப் பார்க்க மாட்டாள். அவள் என்னிடம் பேசுவது இங்கிலீஷில்தான். அதை என் தமிழில் எழுதுகிறேன், பாவம், அவளுடைய இலக்கணத்தை எதற்கு அம்பலப்படுத்த வேண்டும்?

நான் ஒரு வரி வாசிக்கிறேன். உடனே யூஜின் கம்ப்யூட்டரைத் தட்டுகிறாள். டி.வி.யில் ஒரு அமெரிக்கப் பையனின் குரல் அதே வரியை வாசிக்கிறது. பிள்ளைகள் அந்தக் குரலுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். இரண்டு தடவை கேட்டால் மனதில் நிற்கும் என்பது அவள் எண்ணமாக இருக்கும். நல்ல முறைதான்.

ஏப்ரல் 9

இன்று காலை ஆசிரியர் அறையில் எல்லோருடைய கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றது. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். என் கம்ப்யூட்டரும் டிங் என்றதுதான், ஆனால் செய்தி கொரிய மொழியில். தீ விபத்தோ என்று கொஞ்ச நேரம் பயந்தேன். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தால், மைதானத்தில் மொத்தப் பள்ளியும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆண்டு மலருக்காம். நான் போவதற்குள் கலைந்துவிட்டார்கள்.

யூஜின் நாலு தடவை மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று நினைக்கவில்லை.

மே 17

ஞாயிற்றுக்கிழமை. கோமுவிடம் பேசினேன். என் மகள் கோமதி, பதினொரு வயது. பாளையங்கோட்டையில் என் தங்கை சிவகாமி வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவளுடைய அப்பா விஷயத்தை இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை.

"ஏம்மா, எப்பம்மா கூட்டிட்டுப் போவ?"

"அடுத்த மார்ச்சுல தாயி. ஒரு வருஷம் முடிஞ்சு மறுபடியும் கையெழுத்து வாங்கினாங்கன்னா உனக்கும் விசா உண்டு. அங்கன உக்காந்து எண்ணிக்கிட்டே இரி."

"எண்ணிக்கிட்டுதாம்மா இருக்கேன். சித்தப்பா டி.வி. பாக்குதாங்கன்னு நான் இப்ப அடுக்களையிலதான் படுக்கேன்."

"காத்து வருதா அங்க?"

"ம்."

பின்னாலிருந்து சிவகாமி, "நல்லாத்தான் இருக்கா, நீ கவலைப்படாத" என்றாள். நல்லாத்தான் இருப்பாள். என் தங்கை அல்லவா.

இந்த வருஷம் இவர்களுக்கு என்னைப் பிடித்தே ஆக வேண்டும். வேறு வழி எனக்கு இல்லை.

ஜூன் 20

மார்ட்டில் முட்டை வாங்கப் போனேன். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பேர் இங்கிலீஷில் பேசிக்கொள்ளும் சத்தம். சரளமான, வேகமான, சிரிப்பும் செல்லக் கோபமுமான இங்கிலீஷ். எட்டிப் பார்த்தால், ஐந்தாம் வகுப்பு நாரேயும் அவள் அம்மாவும்.

இந்த நாரே என் வகுப்பில் கேட்காமல் வாயே திறக்காதவள். ஐந்தாம் வகுப்பில் மொத்தமே ஏழு பேர். மற்ற ஆறு பேரும் இழுத்து இழுத்துச் சொல்வதைப்போலவே இவளும் இழுத்துச் சொல்வாள். என்னைக் கண்டதும் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது, பாதி வாக்கியத்தில் கொரிய மொழிக்குத் தாவினாள். டீச்சரைக் கடையில் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் வெட்கம்தான்.

அம்மா பெயர் மரிசெல். பிலிப்பைன்ஸ்காரி. இந்த ஊர்ப் பூண்டு விவசாயி ஒருவரைக் கட்டிக்கொண்டு பதிமூன்று வருஷமாக இங்கே இருக்கிறாள். ஊரில் எல்லோரும் அவளை 'நாரே ஒம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாரேயின் அம்மா என்று. நம் ஊரிலும் அப்படித்தானே. நான் மட்டும் மரிசெல் என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். மூன்றரை மாதத்துக்குப் பிறகு ஒரு மனுஷியோடு முழு வாக்கியத்தில் பேசினேன். வீட்டுக்கு வரும்போது அழுகையாக வந்தது. முட்டை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 5

மரிசெல் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். சோளம் அவித்துக் கொடுத்தாள். நாரே அறையைவிட்டு வெளியே வரவில்லை.

கிளம்பும்போது மரிசெல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், ஒரு உதவி. ஸ்கூல்ல அவ வெறும் நாரே மட்டும்தான். அப்படியே இருக்கட்டும், என்ன?"

"இவ்வளவு நல்ல இங்கிலீஷை ஏன் மறைக்கணும்?" என்றேன்.

"மறைக்கல. வீட்ல வச்சிருக்கோம்."

எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள்.

செப்டம்பர் 11

பெற்றோர்களிடம் வருஷத்துக்கு ஒரு தரம் எழுதி வாங்குகிறார்கள், எந்த ஆசிரியர் எப்படி என்று. என்னைப் பற்றி வந்ததை யூஜின் வாசித்துச் சொன்னாள். அவள் வாசிக்கும் முன்பே அந்தக் காகிதத்தை மூன்று தரம் மடித்து மடித்துப் பிரித்தாள்.

'டி.வி.யில் வரும் குரல்போல இல்லை.' 'அமெரிக்க ஆசிரியர் வருவார் என்று நினைத்தோம்.' 'பிள்ளைக்கு இந்த உச்சரிப்பு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?' ஒரே ஒருவர் மட்டும், 'கெட்டிக்கார ஆசிரியர், அன்பானவர், இங்கேயே இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறார். பெயர் போடவில்லை.

"அதனாலதான் டி.வி. போடுறீங்களா?" என்று கேட்டேன்.

"ஏப்ரலிலேயே சில அம்மாக்கள் போன் செய்தார்கள். உங்கள் காதுக்கு வர வேண்டாம் என்று நினைத்தேன்."

டி.வி.யை அவள் மார்ச்சிலேயே போட ஆரம்பித்துவிட்டாள். அதை நான் சொல்லவில்லை.

பதினாறு வருஷம். கலெக்டர் முன்னால் வரவேற்புரை வாசித்த வாய் இது. எரிச்சலில் மத்தியானம் பல்கூடத் தேய்க்கவில்லை. அடுத்த வருஷக் கையெழுத்தைப் பற்றி டிசம்பரில் முடிவு செய்வார்களாம். அதற்கு முன்னால் அக்டோபரில் திறந்த வகுப்பு ஒன்று இருக்கிறது. பெற்றோர்கள் வந்து வகுப்பின் பின்னால் நின்று பார்ப்பார்கள். எனக்கு மிச்சமிருப்பது அந்த நாற்பது நிமிஷம்தான்.

அக்டோபர் 15

திறந்த வகுப்புக்கு ஒத்திகை. எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது, யார் என்ன பதில் சொல்வது, எல்லாம் யூஜின் எழுதி வைத்திருக்கிறாள். நம் ஊரில் இன்ஸ்பெக்ஷனுக்கு நாங்கள் செய்யாத தில்லுமுல்லா? அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாற்பது நிமிஷத்தில் எனக்கு மொத்தம் ஒன்பது வரி. மற்றதெல்லாம் டி.வி.

"எழுதியிருக்கிறபடி மட்டும், தயவுசெய்து" என்றாள் யூஜின்.

"சரி" என்றேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது பொன்னாடையை எடுத்து இஸ்திரி போட்டேன்.

அக்டோபர் 22

என் வாழ்க்கையிலேயே நல்ல நாள். வரிசையாக எழுதுகிறேன்.

பின்னால் பத்துப் பெற்றோர். துணை முதல்வர் குவாக் கேமராவோடு நின்றார். மரிசெல் கதவோரத்தில், ஒரு உயரமான அம்மாவுக்குப் பின்னால். முப்பத்தைந்து நிமிஷம் எழுதியபடியே நடந்தது. யூஜின் நன்றி சொல்ல வாயெடுக்கும்போது நான் மேசை இழுப்பறையிலிருந்து பொன்னாடையை எடுத்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த கொரிய வாக்கியத்தைச் சொன்னேன்: "இந்த அறையில் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் மரிசெல். பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்."

நடந்துபோய் அவள் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்தேன். கை ஜில்லென்று இருந்தது. பொன்னாடையைப் போர்த்தினேன். பெற்றோர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இரண்டு விநாடி கழித்துக் கைதட்டினார்கள். குவாக் போட்டோவாக எடுத்துத் தள்ளினார். "இவரே என்னிடம், உங்கள் இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ் என்று சொன்னார்" என்றும் சேர்த்துக்கொண்டேன். மரிசெல் அப்படிச் சொன்னதில்லை, ஆனால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

பிறகு நாரேயை எழுப்பி, "உன் அம்மாவை இங்கிலீஷில் அறிமுகப்படுத்து" என்றேன். பிள்ளை எழுந்து நின்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பாத்ரூம் போக இங்கிலீஷில் அனுமதி கேட்டாள். ஆனால் எப்பேர்ப்பட்ட இங்கிலீஷ்! டி.வி.ப் பையன் பிச்சை வாங்க வேண்டும். பின்னால் அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மணி அடிக்கும்வரை நாரே திரும்பி வரவில்லை. கூச்ச சுபாவம்.

யூஜின் மட்டும் என்னோடு பேசவில்லை. பொறாமை என்று எழுத நினைத்தேன், எழுதவில்லை.

அக்டோபர் 30

பள்ளி வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். நானும் மரிசெல்லும் பொன்னாடையும், ஆள் உயரத்துக்கு. உள்ளூர் செய்தித்தாளிலும் அதே படம் வந்ததாம். உலகமே ஒரு வகுப்பறையில் என்ற மாதிரி ஏதோ எழுதியிருக்கிறது என்று குவாக் சொன்னார். கல்வி அலுவலகத்திலிருந்து பாராட்டுப் போன் வந்ததாம். என் தோளைத் தட்டாத குறை.

காலையில் மஞ்சள் பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகள் எல்லோரும் அந்த பேனரின் கீழேதான் உள்ளே வர வேண்டும்.

நவம்பர் 6

நாரே சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உடனே பின்வரிசையில் யாரோ ஏதோ சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

என்ன சொன்னார்கள் என்று யூஜினிடம் கேட்டேன். அவள் சொல்லவே மாட்டேன் என்றாள். நான் விடவில்லை.

"அம்மாவும் மகளும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்றார்கள். அவளை இப்போது 'பதிபு ஸெம் மகள்' என்று கூப்பிடுகிறார்கள். கையை உங்கள் கையோடு வைத்து நிறம் பார்க்கச் சொல்கிறார்கள்."

"எப்ப இருந்து?"

"திறந்த வகுப்பிலிருந்து." பிறகு, "மூன்றாம் வகுப்பில் அவள் என்னிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். அம்மா பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று. இரண்டு வருஷம் நான் வாசிக்கவில்லை. நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

நவம்பர் 9

குவாக்கிடம் போய் பேனரை இறக்கச் சொன்னேன். யூஜின் மொழிபெயர்த்தாள். அவர் சிரித்தார். நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். டிசம்பர்வரை இருக்குமாம். இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். டிசம்பரில்தான் கையெழுத்து விஷயம் முடிவாகும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 13

மாலை நாலரைக்கு மரிசெல் பள்ளிக்கு வந்தாள். பிள்ளைகள் போய்விட்டார்கள், யூஜின் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பொன்னாடையைத் துவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதை என் மேசையில் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதிமூணு வருஷம் டீச்சர். இந்த ஊர்ல என்னை யாரும் திரும்பிப் பாக்காத மாதிரி நடக்கக் கத்துக்கிட்டேன். அவங்க மாதிரி கிம்ச்சி போட, அவங்க மாதிரி குனிய, அவங்க மாதிரி சிரிக்க. எல்லாம் அவ நிம்மதியா ஸ்கூல் போகட்டும்னு. நீங்க ஒரு நிமிஷத்துல அவிழ்த்துட்டீங்க."

"உங்களுக்கு மரியாதை செய்யணும்னுதான்..."

"அன்னிக்கு என்னைக் கூப்பிட்டது எனக்காகவா?"

ஆமாம் என்றேன்.

அவள் பையை என் பக்கமாக நகர்த்தினாள். பிறகு, "செப்டம்பர்ல உங்களைப் பத்தி எழுதச் சொன்னாங்க. இங்கேயே இருக்கட்டும்னு எழுதினேன். கேட்டிருந்தா மத்த அம்மாக்கள்கிட்டயும் போய்ப் பேசியிருப்பேன். எனக்கும் பேச ஆள் வேணும்தானே?" என்றாள்.

செருப்பு மாட்டும் இடம்வரை கூடப் போனேன். அவள் பச்சைச் செருப்பைக் கழற்றி வைத்தாள். நானும் இன்னும் அதையேதான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இந்த வரியை மூன்று தரம் அடித்து மறுபடி எழுதுகிறேன்.

நவம்பர் 25

நாரே வரவில்லை. நகரத்தில் அவளுடைய அத்தை வீட்டில் தங்கி அங்கே ஒரு பெரிய பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவாள். அவளுடைய நாற்காலியை மேசைமேல் கவிழ்த்து வைத்தது யார் என்று தெரியவில்லை. வகுப்பு முழுக்க டி.வி. ஓடியது. நான் ஒரு வரியும் வாசிக்கவில்லை.

பதினொரு வயதுப் பிள்ளை, அம்மாவை விட்டுவிட்டு அத்தை வீட்டில்.

டிசம்பர் 4

குவாக் கூப்பிட்டு அனுப்பினார். பார்லி டீ ஊற்றிக் கொடுத்தார். ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். கல்வி அலுவலகமே கேட்டுக்கொண்டதாம், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு.

"உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள் அல்லவா?" என்று யூஜின் மூலமாகக் கேட்டார். "அழைத்து வாருங்கள். நாரே போனதால் ஐந்தாம் வகுப்பில் ஆறு பேராகிவிட்டது. அலுவலகம் தலையைத்தான் எண்ணுகிறது, உங்களுக்குத் தெரியும். மார்ச்சில் உங்கள் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் மறுபடியும் ஏழு. நாற்காலிகூட இருக்கிறது."

மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். யூஜின் கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டாள். நாற்காலிக்கு என்ன கொரியச் சொல் என்று இந்த ஒன்பது மாதத்தில் எனக்குத் தெரிந்திருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 6

கோமுவோடு பேசினேன். சித்தப்பாவின் அம்மா வந்திருக்கிறார்களாம், ஆகவே அடுக்களையில் அவர்களுக்குப் படுக்கை. கோமு மாடிப்படிக்குக் கீழே படுக்கிறாள். "நல்லாத்தாம்மா இருக்கு, காத்து வருது" என்றாள்.

டிசம்பர் 7

கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 19

சனிக்கிழமை. பஸ் நிறுத்தத்தில் மரிசெல் நின்றிருந்தாள், நகரத்திலிருந்து வரும் பஸ்ஸுக்காக. நான் எதிர்ப்பக்கம். என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள், இந்த ஊர்க்காரர்கள் செய்கிறபடியே. அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. நாரே இறங்கியதும் இருவரும் கொரிய மொழியில் பேசிக்கொண்டு போனார்கள். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. என்னைத் தவிர.

ஜனவரி 17

கோமுவின் விசா வந்துவிட்டது. பிப்ரவரி கடைசியில் விமானம். எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம் என்று எழுதிவிட்டு வெகுநேரமாகப் பேனாவைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள். முதல் நாள் வகுப்பில் சொல்வதற்கு இங்கிலீஷில் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கிறாளாம். சித்தி, சித்தப்பா எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"வாசிக்கட்டாம்மா? என் பேரு கோமதி. நான் இந்தியாவுல இருந்து வந்திருக்கேன். எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும், எங்கம்மா சொல்லித் தந்தாங்க. எங்கம்மாதான் உங்க இங்கிலீஷ் டீச்சர். அவுகள எனக்கு ரொம்பப் புடிக்கும். எப்படி?"

நல்ல வாசிப்பு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, என்னைப்போலவே.

"நல்லா இருக்கு தாயி. ஆனா அங்க கிளாசுல இங்கிலீஷ் நல்லா வரும்னு சொல்லாத. மத்த பிள்ளைக எப்படி இழுத்துச் சொல்லுதோ, நீயும் அப்படியே சொல்லு."

"தப்பாவா சொல்லச் சொல்லுத?"

"கொஞ்ச நாளைக்கு. பெறவு, பள்ளிக்கூடத்துக்குள்ள என்னைய அம்மான்னு கூப்பிடாத. சாப்பாட்டுக்குப் பக்கத்துல வந்து உக்காராத. வீட்டுக்கு வந்து எவ்வளவு வேணா கூப்பிடு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் யோசித்து வைத்திருந்தேன். பென்சில் காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. எழுதியதை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சிட்டேம்மா," என்றாள். "இந்தியாவுல இருந்து வாரேங்கதையும் அடிச்சிரட்டா?"

மறுபடியும் பென்சில் ஓடும் சத்தம்.

"அதையும் அடிச்சிட்டேன். இப்ப என் பேரு மட்டும்தான் இருக்கு. போதுமாம்மா?"

போதும் என்றேன்.